அண்ணி ஸ்பாவுக்குப் போன நாள்

எங்களை மேய்க்கிற மேடம் சும்மா எதையாவது கொடுத்தார் என்றால் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சோப்புத் தூளைக்கூடத் தட்டித் தட்டி அளந்து கொடுக்கிற மனுஷி அவர். அப்படிப்பட்டவர் சலவைக்கூடத்துக்கு நடுவே நின்று, கையைத் தட்டி, "நாளைக்கு மத்தியானம் யாரும் வேலை பார்க்க வேணாம், எல்லாரும் ஸ்பாவுக்குப் போறோம், ஜாலியா இருக்கலாம்" என்றபோது ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. எங்களோடு வேலை செய்கிற வாயாடியின் கை உருளையில் வெந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாளை மறுநாள் விசாரணை. இந்த நேரத்தில் எங்களுக்கு என்ன ஜாலி வேண்டிக்கிடக்கிறது?

"அண்ணி, இது உங்களுக்கு வச்ச பொறி" என்றேன்.

"தெரியுது. போகாம இருந்தா அதுக்கும் ஒரு அர்த்தம் எடுப்பாங்க. சும்மா வா" என்றாள் அண்ணி.

அண்ணி என் அண்ணனின் மனைவி. ஓட்டல், மருத்துவமனை, ஸ்பா என்று ஊர்ப்பட்ட இடங்களின் துணியை வெளுத்துத் தருகிற கம்பெனியில் அவள் இஸ்திரி உருளையில் நிற்கிறாள், நான் மடிக்கிற மேசையில் நிற்கிறேன், அண்ணன் துணி ஏற்றி இறக்குகிற வேனை ஓட்டுகிறான். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது முழுக்க அந்தக் கூடத்து நீராவியில்தான். யாராவது ஒருவருக்கு அங்கே வேலை போனால் மூன்று பேருக்கும் தூக்கம் போகும்.

அண்ணி நெட்டை. கல்யாணப் படத்தில் அண்ணன் நின்றுகொண்டிருப்பான், அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால் படம் எடுத்தவர்தான் அப்படிச் சொன்னார் என்று அண்ணன் இன்னமும் சாதிக்கிறான். வீட்டில் பரண் மேல் எது வேண்டுமானாலும் அண்ணி, வேலையில் குழாய் மேல் எது சிக்கினாலும் அண்ணி. என் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் பெற்ற மகள் நான் முகம் சுளித்ததை எல்லாம் முகம் சுளிக்காமல் செய்தவள் அவள். "எப்படி அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன். "பிடிச்சா செய்யறேன்? செஞ்சுட்டா முடிஞ்சுடும்ல" என்றாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வேலையை எதிர்த்து நிற்க மாட்டாள், செய்து முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாள். அந்தக் குணம்தான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

உருளை என்றால் சின்னச் சாமான் இல்லை. ஒரு அறை அகலத்துக்கு, உள்ளே கொதிக்கிற இரும்பு. ஈரப் போர்வையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து உள்ளே விட வேண்டும், அந்தப் பக்கம் காய்ந்து தட்டையாக வரும். கை உள்ளே போய்விடக் கூடாது என்று அதன் வாயில் ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். விரல் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். கனமான துணி பட்டாலும் நின்றுவிடும். அதுதான் மேடத்துக்குத் தலைவலி. லோடு தேங்குகிறது, மேலிடத்தில் திட்டு விழுகிறது என்று ஒரு நாள் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அண்ணியைக் கூப்பிட்டார். "அந்தக் கம்பிய மேல தூக்கிக் கட்டிடும்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அண்ணி தயங்கினாள். நான் மேசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மேடம், கை கிட்டப் போனா..." என்றாள். "நீ பக்கத்துலதானே நிக்கப்போற, பாத்துக்க மாட்டியா?" என்றார் மேடம். கிழிந்த போர்வையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, எட்டி, மேலே உள்ள கொக்கியில் கம்பியைக் கட்டினாள் அண்ணி. அன்று சாயங்காலம்தான் எதிர்முனையில் நின்ற வாயாடியின் கை போர்வையோடு சேர்ந்து உள்ளே போனது. எங்கள் கூடத்திலேயே சின்னவள் அவள், வாய் ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் கத்திய கத்தலில் நாங்கள் ஓடி வந்த அமளிக்குள்ளே மேடம் தொங்கிய நுனியை இழுத்து அந்தத் துணி முடிச்சை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆக, பார்க்க வந்தவர்கள் கண்ணுக்குக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வாயாடி கவனக்குறைவாக இருந்தாள் என்று முடிவானால் அவளுக்கு வேலையும் இல்லை, வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பும் இல்லை. கட்டியிருந்தது என்று சொல்ல வேண்டியவள் அண்ணி. கட்டியதும் அண்ணி. இந்தச் சிக்கலை அண்ணன் வீட்டில் ஒரே வார்த்தையில் அவிழ்த்தான்: "வாயத் திறக்காத."

மேடம் சொன்ன நாளில் ஸ்பாவுக்கு அவன் வேனிலேயே போய் இறங்கினோம். "முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வேறு வண்டி கிடையாது, பக்கத்தில் பஸ்ஸும் கிடையாது. உள்ளே போனதும் வாசனையும் குழலிசையும் எங்களைச் சூழ்ந்துகொண்டன. வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே எங்கள் செருப்பை வாங்கினாள், போனை வாங்கினாள், துணியை வாங்கினாள், எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்தாள். பை இல்லாத அங்கி. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அண்ணிக்கு அது முழங்காலைத் தாண்டவில்லை.

"இதவிடப் பெருசு இல்லீங்களா?"

"இதுதான் மேடம் பெருசு."

தன்னை ஒருத்தி மேடம் என்று கூப்பிட்டதும் அண்ணி திரும்பி எங்கள் மேடத்தைத் தேடினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம்தான் கூத்து. அலமாரியில் அடுக்கியிருந்த துண்டுகளைப் பார்த்ததும் கறைக்காரி, அதாவது எங்கள் கூடத்தில் கறை எடுக்கிறவள், "ஏய், இது நம்ம துண்டுடி!" என்று கூவினாள். நாங்கள் வெளுத்ததுதான், நான் மடித்ததுதான். தினமும் பார்க்கிற சனியன்களை இங்கேயும் பார்க்க வேண்டியதாயிற்று. அதோடு விட்டதா? சுடுநீர்த் தொட்டியில் இறங்கி எழுந்து துவட்டிய ஈரத் துண்டை எங்களில் யாருக்கும் கீழே போட மனசு வரவில்லை. கை சும்மா இருக்குமா? விளிம்பை உள்ளே தள்ளி, மூன்றாக மடித்து, தட்டி, புதுத்துண்டுகளோடு சேர்த்து அடுக்கிவிட்டோம். அடுத்து வந்த யாரோ ஒரு சீமாட்டி ஈரத் துண்டை எடுத்து முகத்தில் வைத்து அலற, வரவேற்புப் பெண் ஓடி வந்து, "தயவுசெஞ்சு மடிக்காதீங்க! உங்கள வேண்டிக் கேட்டுக்கறேன், கூடையில வீசுங்க!" என்று கெஞ்சினாள். வெகு நாட்களுக்குப் பிறகு நாங்கள் அப்படிச் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து அமைதி அறை. சுவரில் 'பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. எங்களுக்கு அது ஒரு பொருட்டா? உருளைச் சத்தத்தில் நாள் முழுக்கக் கையாலேயே பேசிப் பழகினவர்கள் நாங்கள். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டே கறைக்காரி எதிர்ப்பக்கம் இருந்து அண்ணியிடம் கையை ஆட்டினாள். நாளைக்கு என்ன செய்யப்போறே? அவள் பக்கத்தில் இருந்தவளும் அதையே கேட்டாள். பிறகு இன்னொருத்தி. மேடம் ஆபீஸ் அறைக்காரர், இந்தப் பாஷை அவருக்குத் தெரியாது. ஏதோ விரலைச் சொடுக்கெடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இமை ஆடியது, தூங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாவம், சத்தம் போட்டால்கூடக் காதைப் பொத்திக்கொள்ளலாம். அந்த மௌனத்தில் அவளுக்கு ஒளிய இடமே இல்லை.

அப்போது மேடம் எழுந்து வந்து அண்ணியின் தோளைத் தொட்டார். "வாம்மா. நமக்குக் களிமண் பூச்சு சொல்லியிருக்கேன். உன் நாத்தனாரையும் கூட்டிக்கோ."

சின்ன அறை. மூன்று கட்டில். பூச்சுப் பெண் எங்கள் உடம்பு முழுக்க வெதுவெதுப்பான களிமண்ணைப் பூசினாள், பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள், அதன்மேல் மின்சாரப் போர்வையைப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் செருகினாள். கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. அண்ணியின் பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு மட்டும் சூடு கொஞ்சம் கூட வைம்மா, முதுகு வலி" என்றார் மேடம். அந்தப் பெண் பொத்தானைத் திருகிவிட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

"தூங்கிட்டியாம்மா?" மேடத்தின் குரல்.

"இல்லீங்க மேடம்."

"நாளைக்கு உன்னத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. என்ன சொல்லப்போற?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"நடந்ததுன்னா?"

"கம்பி கட்டியிருந்துச்சு..."

"யாரு கட்டினா?" கோபமே இல்லை, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "என் கை அந்த உசரத்துக்கு எட்டுமா? விசாரணைக்கு வர்றவங்க என்னையும் பாப்பாங்க, உன்னையும் பாப்பாங்க. அவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"நீங்க சொல்லித்தானே மேடம் கட்டினேன்."

"நான் சொன்னேன்னு யாரு சொல்லுவா? உன் நாத்தனாரா? ஒரே வீட்டுப் பேச்சு எடுபடுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மேடம், நான் இங்கதான் இருக்கேன். எனக்குக் காது கேக்குது."

"கேக்கணும்னுதாம்மா சொல்றேன்."

பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கும் மேலே ஆள் உண்டாம். அவருக்கும் பிள்ளைகள் உண்டாம். அண்ணியை உருளையிலிருந்து எடுத்து என் பக்கத்தில் மடிக்கிற மேசையில் போட்டுவிடுவாராம், வெக்கை இருக்காதாம். அண்ணன் வேனுக்குப் புது ஆள் கேட்கிறார்கள், தான்தான் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறாராம். "அந்தப் பொண்ணு சின்னவ. வேற வேலை கிடைச்சுடும். உனக்குக் குடும்பம் இருக்கு. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." எழுந்து போய் அந்த வாயில் களிமண்ணை அடைத்தால் என்ன என்று இருந்தது எனக்கு. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பார்சல் மாதிரி கட்டிப்போட்டுவிட்டு நியாயம் பேசுகிறார். அவரும் பார்சல்தான், ஆனால் வாய் இருக்கிறதே.

"சரின்னு சொல்லும்மா."

நான் கழுத்தைத் திருப்பி அண்ணியைப் பார்த்தேன். காதை நோக்கிக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"சரிங்க மேடம்" என்றாள்.

எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மேடம் திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டார். குறட்டைகூடக் கேட்டது. அப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியாது, திடீரென்று, "என்ன இது, சுடுது" என்றார். "ஏம்மா, யாராவது இருக்கீங்களா? சூட்டக் குறைங்க." யாரும் வரவில்லை. "ஐயோ, சுடுதும்மா! முதுகு எரியுது! கதவத் திறங்க!" போர்வைக்குள் அவர் திமிறுவது தெரிந்தது. திமிறத் திமிறச் செருகல் இறுகியது. குரல் மாறிவிட்டது. அதட்டுகிற குரல் போய், அம்மா அம்மா என்று அலறுகிற குரல்.

நான் திமிறிப் பார்த்தேன், அசையவில்லை. அண்ணிக்குத்தான் கால் வெளியே இருந்ததே. இரண்டு உதை விட்டாள். போர்வை வாயைத் திறந்துகொண்டது, களிமண்ணோடு சரிந்து தரையில் விழுந்தாள், வழுக்கிக்கொண்டே எழுந்து ஓடி, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மேடத்தின் போர்வையை உருவினாள், பிளாஸ்டிக்கைக் கிழித்தாள், பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே முதுகில் ஊற்றினாள். முதுகு நன்றாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கொப்புளம் எதுவும் இல்லை. பூச்சுப் பெண் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அண்ணி தலை முதல் கால் வரை மண்ணோடு நின்றாள். "வாயாடியும் இப்படித்தான் கத்தினா மேடம். நான் இப்படித்தான் ஓடினேன். சுவிட்சு அந்தக் கோடியில இருக்கு. கம்பி கீழ இருந்திருந்தா ஓடவே வேணாம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள..." மேலே பேச முடியாமல் வாய்விட்டு அழுதாள்.

மேடமும் அழுதுகொண்டுதான் இருந்தார். பயம் தெளிய நேரமாயிற்று. அங்கியைப் போர்த்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, "நல்லவேளை, நீ இருந்தே" என்றார். நான் கூட ஒரு நொடி, மனுஷி மாறிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் கதவுப் பக்கம் போனவர் திரும்பி, "அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதம்மா. சரின்னு சொல்லியிருக்க" என்றார்.

மண்ணைக் கழுவியதும் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. ஆரஞ்சு வாசனை எண்ணெய். அண்ணி குப்புறக் கிடந்தாள், யாரோ ஒருத்தி அவள் முதுகைப் பிசைந்துகொண்டே "ரொம்ப இறுக்கமா இருக்கீங்க மேடம், தளர்த்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மற்றவர்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போகும்போது அண்ணன் கேட்டான். "என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"அப்பாடா" என்றான். "இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றாள் அண்ணி. "அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன். நாளைக்கு அப்புறம் என்னால பாக்க முடியாது."

வாயாடி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு, பக்கத்தில் தலையணை மேல் தனியாகக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அண்ணி குனிந்ததும் மூக்கை இழுத்தாள்.

"என்னக்கா இது, கமகமன்னு வர்றீங்க! எங்க போயிட்டு வர்றீங்க?"

அண்ணி தன் கையைத் தானே முகர்ந்து பார்த்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். எண்ணெய் வாசனை போகுமா? அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "கண்ணு, ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்பி... அத மேல கட்டியிருந்துச்சு. கட்டினது..."

"நீங்கதான்" என்றாள் வாயாடி. "தெரியும்கா. அன்னைக்கு நான் சீக்கிரமே வந்துட்டேன். வாசல்ல நின்னு பாத்தேன். மேடம் சொன்னதும் கேட்டுச்சு."

"பாத்தியா? பாத்துட்டா வேலைக்கு நின்ன?"

"நீங்க எதிர்ல நிக்கறீங்கல்ல, எனக்கென்ன பயம்னு நின்னேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயாடி பேசிக்கொண்டே போனாள், அவளுக்கு எங்கே நிறுத்தத் தெரியும்? "இன்னைக்குக் காலையில ஆபீஸ்ல இருந்து வந்து கேட்டாங்கக்கா. நான்தான் பராக்குப் பாத்தேன், கம்பியெல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். கட்டியிருந்துச்சுன்னா யாரு கட்டினான்னு அடுத்த கேள்வி வரும்ல. உங்களுக்கு வேலை போச்சுன்னா அண்ணனுக்கும் போகும். நீங்க கவலப்படாதீங்க. நாளைக்கு உங்களக் கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா முடிஞ்சுடும்."

"பைத்தியம்" என்றாள் அண்ணி. "அடிப் பைத்தியமே. உனக்குக் கை போயிருக்குடி." அந்தக் கட்டைத் தொடப் பயந்து, அதைத் தாங்கியிருந்த தலையணையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் சாவியோடு நின்ற அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். வாயத் திறக்காத என்று அவன் மறுபடி சொல்லவில்லை.

மறுநாள் அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். நான் கட்டினேன், மேடம் கட்டச் சொன்னார், முடிச்சை அவர்தான் அவிழ்த்து எடுத்துப்போனார் என்று. நானும் போய்ச் சத்தம் போட்டுச் சொன்னேன். மேடம் சொன்னபடியே, ஒரே வீட்டுப் பேச்சு எடுபடவில்லை. கம்பி சரியாக இருந்தது என்று முதலில் சொல்லிவிட்டதால் வாயாடியின் பேச்சும் எடுபடவில்லை. தான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்று அவர் சாதித்துவிட்டார். கடைசியில் கம்பி கட்டியிருந்தது உண்மை, வாயாடி மேல் தப்பில்லை என்று ஆயிற்று. வைத்தியம் கம்பெனி பொறுப்பு, வேலையும் இருக்கிறது. வேலைக்குத் திரும்பிவிட்டாள், விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. கட்டியவள் என்று அண்ணியை அனுப்பிவிட்டார்கள். அண்ணனைத் தூர ஊர் லைனில் போட்டுவிட்டார்கள், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை.

மேடம் அங்கேயேதான் இருக்கிறார். நானும் அங்கேயேதான் இருக்கிறேன், வேறு வழி? அவர் சொன்னால் "சரிங்க மேடம்" என்று நானும்தான் சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் உடம்பு எரிகிறது. மடிக்கிற மேசையிலிருந்து என்னை எடுத்து உருளையில், வாயாடிக்கு எதிர்முனையில் நிறுத்திவிட்டார்கள். காலையில் நான் கிளம்பும்போது அண்ணி படி வரைக்கும் கூடவே வருவாள்.

"கம்பி கீழ இருக்கான்னு பாத்துட்டுத் துணியத் தொடு."

"சரி அண்ணி."

"கட்டச் சொன்னா கட்டாத."

"மாட்டேன்."

"அப்புறம் அவ பக்கம் ஒரு கண்ணு வச்சுக்கோ. நீ எதிர்ல நிக்கறேன்னு சும்மா கைய விட்டுடுவா."